கணக்கு தாக்கல் செய்யாதவருக்குத் தடை, பணத்தைத் திருப்பிவிட்டவருக்கு? இயக்குநர்கள், திவாலானவர்கள் மீதான சட்ட நடவடிக்கைகள்: ஒரு விளக்கம்

புது தில்லி: ஒரு நிறுவனம் தொடர்ந்து 3 நிதியாண்டுகளுக்கு நிதிநிலை அறிக்கையையோ ஆண்டறிக்கைப் படிவத்தையோ தாக்கல் செய்யவில்லை என்றால், அதன் இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்கு நாட்டின் எந்த நிறுவனத்திலும் இயக்குநராக நியமிக்கப்படும் தகுதியை இழக்கின்றனர். இதற்கு வழக்கு தொடர வேண்டியதில்லை. மோசடி நடந்தது என்று யாரும் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. ஆனால், அதே இயக்குநர் நிறுவனத்தின் பணத்தைத் தமது வேறொரு நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டு, வங்கிகளையும் வைப்புத்தொகை செலுத்தியவர்களையும் நிர்க்கதியாக்கியிருந்தால், அதை நிரூபிக்கும் சுமை பிறர் தலையில் விழுகிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த வழக்கிலிருந்து கிடைக்கக்கூடிய தொகையின் மதிப்பு ஒரு ரூபாய் என்று கடன் கொடுத்தவர்களே எழுதிக்கொடுத்த சம்பவமும் நடந்திருக்கிறது.

தவறிழைக்கும் இயக்குநர்கள் மீதும், கடனைத் தீர்க்க இயலாமல் திவாலானவர்கள் மீதும் இந்தியச் சட்டங்கள் எடுக்கும் நடவடிக்கைகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

3 லட்சம் பேரைத் தொட்ட அறிவிப்பு

2017-ஆம் ஆண்டு செப்டம்பரில், செயல்படாத நிறுவனங்களுக்கு எதிரான நடவடிக்கையின் ஒரு பகுதியாக, 2,09,032 நிறுவனங்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. அதையடுத்து, கணக்குகளைத் தாக்கல் செய்யாத நிறுவனங்களின் இயக்குநர்கள் 1,06,578 பேர் தகுதி நீக்கத்துக்கு அடையாளம் காணப்பட்டிருப்பதாகப் பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகம் தெரிவித்தது. பின்னர் இந்த எண்ணிக்கை 3.09 லட்சமாக உயர்ந்தது.

இதற்கு அடிப்படை, 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 164(2) பிரிவு. கணக்குகளைத் தாக்கல் செய்யத் தவறுவது அதில் ஒரு காரணம். பெற்ற வைப்புத்தொகையையோ அதற்கான வட்டியையோ, முதிர்ந்த கடன் பத்திரங்களையோ, அறிவித்த ஈவுத்தொகையையோ ஓராண்டுக்கு மேல் வழங்காமல் இருப்பது மற்றொரு காரணம். 1956-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இத்தகைய தகுதி நீக்கம் பொது நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு மட்டுமே இருந்தது. 2014 ஏப்ரல் 1 முதல் அது தனியார் நிறுவனங்களுக்கும் விரிந்தது. பலர் இதைக் கவனிக்கவில்லை என்பதே உண்மை.

தனியார் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யக் குறைந்தது 2 இயக்குநர்கள் வேண்டும். குடும்ப நிறுவனங்களில் இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் மனைவியுடையதாகவோ, தம்பியுடையதாகவோ, ஓய்வுபெற்ற தந்தையுடையதாகவோ இருக்கும். தொழில் நொடித்து, கடையை மூடி, கணக்குத் தணிக்கையாளருக்குக் கட்டணம் தரவும் வழியில்லாமல் போகும்போது, காகிதத்தில் நிறுவனம் மட்டும் உயிருடன் இருக்கும். அவ்வாறு பெயரளவில் இயக்குநராக இருந்தவர்களையும், வரி ஏய்ப்புக்கென்றே பல போலி நிறுவனங்களை நடத்தியவர்களையும் 164(2) பிரிவு ஒரே தட்டில்தான் வைக்கிறது. ஏன் தாக்கல் செய்யவில்லை என்ற கேள்வியே அதில் இல்லை.

நீதிமன்றங்களில் பிரச்சினையானது இதுதான். பாதிக்கப்பட்ட இயக்குநர்கள் பல்வேறு உயர் நீதிமன்றங்களை நாடினர். முன்னறிவிப்பு தராமல் தகுதி நீக்கம் செய்யலாமா, புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய 2013-14 நிதியாண்டையும் கணக்கில் சேர்க்கலாமா, இயக்குநர் அடையாள எண்ணை முடக்கலாமா என்ற கேள்விகள் எழுந்தன. தகுதி நீக்கம் சட்டத்தின் வழியாகத் தானாகவே நிகழ்வதால் தனியாக விசாரணை தேவையில்லை என்று 2019 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2020 அக்டோபரில் இதிலிருந்து மாறுபட்டது. நிறுவனப் பதிவாளர் முன்கூட்டியே நோட்டீஸ் அளிக்க வேண்டும், தவறுக்கு எந்த இயக்குநர் பொறுப்பு என்பதை விசாரித்தறிய வேண்டும் என்று அந்த அமர்வு தெரிவித்தது. அடையாள எண்ணை முடக்குவதற்கு விதிகளில் இடமில்லை என்பதில் இரு நீதிமன்றங்களும் ஒத்துப்போயின.

அரசும் சற்று இறங்கிவந்தது. தாமதத்தை மன்னிக்கும் திட்டம் ஒன்று 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படாத நிறுவனங்கள், நிலுவைக் கணக்குகளைக் கட்டணத்துடன் தாக்கல் செய்து மீள அதில் வழி இருந்தது. அதே ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் மற்றொரு சிக்கலை நேர் செய்தது. தகுதி இழந்த இயக்குநர், தவறிழைத்த நிறுவனத்தைத் தவிர மற்ற நிறுவனங்களில் வகிக்கும் பதவிகளை இழப்பார். தவறிழைத்த நிறுவனத்தில் நீடிப்பார். விந்தையாகத் தோன்றினாலும் காரணம் எளியது. அங்கிருந்தும் அனைவரும் விலகிவிட்டால், நிலுவைக் கணக்கில் கையெழுத்திட ஒருவரும் இருக்கமாட்டார்.

உறவினருக்காகக் கையெழுத்திட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இயக்குநர் பதவியிலிருந்து விலக விரும்புபவர் எழுத்துபூர்வமாக நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும். விலகல் கடிதத்தின் நகலைத் தாமே பதிவாளருக்கும் அனுப்பலாம். நிறுவனம் அதைப் பதிவு செய்யாமல் கிடப்பில் போடும் அபாயத்துக்கு எதிரான பாதுகாப்பு அது. ஆனால், பதவியில் இருந்த காலத்தில் நடந்த குற்றங்களுக்கான பொறுப்பு, விலகிய பிறகும் தொடரும் என்று சட்டம் கூறுகிறது.

பணம் போன வழியைத் தேடுவது

காகிதத் தவறுகளிலிருந்து உண்மையான முறைகேட்டுக்கு வரும்போது, 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் முன்னுக்கு வருகிறது. கடனைத் திருப்பித் தராத நிறுவனம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் முன் கொண்டுவரப்பட்டால், இயக்குநர் குழுவின் அதிகாரங்கள் நிறுத்திவைக்கப்படும். நிர்வாகம் தீர்வு நிபுணர் ஒருவரிடம் செல்லும். நிறுவனத்தை நடத்துவதுடன், முந்தைய பரிமாற்றங்களைத் தோண்டிப் பார்ப்பதும் அவரது கடமை.

அவர் தேடுவது என்ன? நிறுவனம் மூழ்கப்போவது தெரிந்தே, சிலருக்கு மட்டும் முன்னுரிமை தந்து கடன் அடைக்கப்பட்டதா. சொத்து அடிமாட்டு விலைக்குக் கைமாறியதா. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்குடன் தொழில் நடத்தப்பட்டதா என்பதையே. முன்னுரிமைப் பரிமாற்றம் இயக்குநர்களுக்கு நெருக்கமான தரப்புடன் நடந்திருந்தால் 2 ஆண்டுகள் வரையும், மற்றவர்களுடன் என்றால் ஓராண்டு வரையும் பின்னோக்கிப் பார்க்கலாம். மோசடி நோக்கத்துடன் தொழில் நடத்தியதைப் பற்றிய 66-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. மீள வழியில்லை என்று தெரிந்த பின்னும், கடன் கொடுத்தவர்களுக்கு ஏற்படும் இழப்பைக் குறைக்க உரிய கவனம் எடுக்காத இயக்குநர், தமது சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்யுமாறு தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

இது பலன் தந்த வழக்கு ஒன்று உண்டு. யமுனை விரைவுச்சாலையை அமைத்த ஜேபி இன்ஃப்ராடெக் நிறுவனத்தில் பணம் கட்டி, வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் ஏறத்தாழ 20 ஆயிரம் பேர். அந்த நிறுவனத்தின் நிலங்கள், அதன் தாய் நிறுவனமான ஜெயபிரகாஷ் அசோசியேட்ஸ் வாங்கிய கடன்களுக்கு அடமானமாக வைக்கப்பட்டிருந்தன. தன் கடனுக்கு அல்ல, தாய் நிறுவனத்தின் கடனுக்கு. அந்த அடமானங்கள் செல்லாது என்று அலகாபாத் தீர்ப்பாயம் கூறியதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இறுதியில் 2020 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பை நிலைநிறுத்தியது. 758 ஏக்கர் நிலம் ஜேபி இன்ஃப்ராடெக்கின் கணக்குக்கே திரும்பியது. வீடு வாங்கியவர்களுக்கு அந்த நிலம் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லா வழக்குகளும் அப்படி முடிவதில்லை. வீட்டுக்கடன் நிறுவனமான திவான் ஹவுசிங் ஃபைனான்ஸின் இயக்குநர் குழுவை 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி கலைத்தது. நிதி நிறுவனம் ஒன்று திவால் தீர்வு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது அதுவே முதல் முறை. மோசடி நோக்குடன் நடந்ததாகக் கூறப்பட்ட பரிமாற்றங்கள் தொடர்பான மனுக்களின் மொத்த மதிப்பு சுமார் ரூ.45 ஆயிரம் கோடி. நிறுவனத்தை வாங்க முன்வந்த பிரமல் குழுமத்தின் திட்டத்துக்குக் கடன் வழங்கியோர் குழு ஒப்புதல் அளித்தபோது, 66-ஆவது பிரிவின் கீழ் எதிர்காலத்தில் மீட்கப்படக்கூடிய தொகை, வாங்குபவருக்கே சேரும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த எதிர்பார்ப்புக்கு இடப்பட்ட மதிப்பு ஒரே ஒரு ரூபாய்.

இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யுமாறு 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. 2025 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வணிக ரீதியிலான முடிவைக் கடன் வழங்கியோர் குழுவே எடுக்க வேண்டும், நீதிமன்றங்கள் அதில் தலையிட முடியாது என்பதே திவால் சட்டத்தின் அடிப்படை. சட்டப்படி இதில் குறை காண இடமில்லை. ஆயினும், முறைகேடு செய்தவர்களிடமிருந்து பணம் திரும்பி வரும் என்பதில் வங்கிகளுக்கே இருந்த நம்பிக்கையின் அளவை அந்த ஒரு ரூபாய் காட்டிவிட்டது.

குற்றவியல் தண்டனைகளும் சட்டத்தில் உள்ளன. திவால் நடவடிக்கையின்போது சொத்தை மறைப்பதற்கு 3 முதல் 5 ஆண்டுகள் சிறை, அல்லது ரூ.1 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நிறுவனங்கள் சட்டத்தின் 447-ஆவது பிரிவின் கீழ் மோசடி நிரூபணமானால் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், மோசடித் தொகையைப்போல் 3 மடங்கு வரை அபராதமும் உண்டு. எனினும், திவால் சட்டக் குற்றங்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம், திவால் வாரியமோ மத்திய அரசோ அளிக்கும் புகாரின் பேரில் மட்டுமே வழக்கை ஏற்க முடியும். பணத்தை இழந்தவர் நேரடியாக அங்கு செல்ல முடியாது.

பின்வாசலை அடைத்த பிரிவு

திவால் சட்டம் வந்த புதிதில் ஓர் ஓட்டை இருந்தது. நிறுவனத்தைக் கடனில் மூழ்கடித்த அதே நிறுவனர்கள், ஏலத்தில் குறைந்த விலைக்கு அதைத் திரும்ப வாங்கிவிடலாம். வங்கிகள் பெரும்பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்திருக்கும். 2017 நவம்பர் 23 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் 29ஏ என்ற பிரிவைச் சேர்த்து இதை அடைத்தது. கடன் தீர்க்காத திவாலானவர், வேண்டுமென்றே கடனைத் திருப்பிச் செலுத்தாதவர், ஓராண்டுக்கு மேல் வாராக்கடன் கணக்கு வைத்திருப்பவர், தகுதி இழந்த இயக்குநர் ஆகியோரும் அவர்களுடன் தொடர்புடையவர்களும் ஏலத்தில் பங்கேற்க முடியாது. இந்தப் பிரிவு செல்லும் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் இதன் வலிமை தெரிந்தது. நிறுவனத்தைத் தக்கவைக்க அதன் நிறுவனர்கள் ரூ.54,389 கோடி தர முன்வந்தனர். ஆர்செலர் மிட்டல் தந்தது ரூ.42 ஆயிரம் கோடி. தொகை அதிகமாக இருந்தும் நிறுவனர்களின் முன்மொழிவு ஏற்கப்படவில்லை.

வேண்டுமென்றே கடனைத் திருப்பிச் செலுத்தாதவர் என்ற முத்திரையைக் குத்துவது நீதிமன்றம் அல்ல, கடன் கொடுத்த வங்கியே. ரூ.25 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலுவைகளுக்கு இது பொருந்தும். செலுத்தும் வசதி இருந்தும் செலுத்தாதவர், கடனாகப் பெற்ற நிதியை வேறு வழியில் திருப்பியவர், வங்கிக்குத் தெரியாமல் அடமானச் சொத்தை விற்றவர் இதில் வருவர். ரிசர்வ் வங்கி 2024 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வங்கியின் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்து ஆராய்ந்த பிறகே பெயரை இறுதி செய்ய வேண்டும். பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய பின்னும் ஓராண்டுக்குக் கூடுதல் கடன் கிடையாது. புதிய தொழில் தொடங்க 5 ஆண்டுகளுக்குக் கடன் கிடையாது.

உத்தரவாதக் கையெழுத்து

நிறுவனத்தின் கடன் நிறுவனத்துடன் முடிந்துவிடும் என்று நம்பியிருந்த இயக்குநர்களுக்கு 2019 டிசம்பர் 1 ஒரு திருப்புமுனை. நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் அளித்தவர்களையும் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தும் பிரிவுகள் அன்று நடைமுறைக்கு வந்தன. இதை எதிர்த்த வழக்குகளை 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிறுவனத்துக்குத் தீர்வுத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது என்பதால் மட்டும் உத்தரவாதம் அளித்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று அப்போது தெளிவுபடுத்தப்பட்டது. இதற்கான நடைமுறைகளும் செல்லும் என்று 2023 நவம்பரில் மற்றொரு தீர்ப்பு கூறியது.

முதலில் கடனைத் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்று பேசப்படும். அது தோல்வியடைந்தால் திவால் உத்தரவு வரும். அதன்பின் அவர் எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்க முடியாது. நிறுவனம் தொடங்குவதிலோ நிர்வகிப்பதிலோ மறைமுகமாகக்கூட ஈடுபட முடியாது. அறக்கட்டளையில் அறங்காவலராகவோ, அரசு ஊழியராகவோ நியமிக்கப்படவும், உள்ளாட்சி உள்ளிட்ட பொதுப் பதவிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படவும் தகுதியில்லை. அனுமதியின்றி வெளிநாடு செல்ல இயலாது. உத்தரவு பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு முடிந்ததும், அல்லது சொத்துப் பங்கீடு அதற்கு முன்பே நிறைவடைந்தால் அப்போது, அவர் விடுவிப்புக்கு உரியவராகிறார்.

விண்ணப்பம் பதிவானதுமே கடன் தொடர்பான நடவடிக்கைகளுக்கு இடைக்காலத் தடை கிடைப்பதால், சிலர் இதைக் கேடயமாகப் பயன்படுத்த முயன்றனர். நுகர்வோர் ஆணையம் விதித்த அபராதத்தை இத்தடை நிறுத்தாது என்று 2025 மார்ச்சிலும், காசோலை மோசடி வழக்குகளையும் அது தடுக்காது என்று அடுத்த மாதமும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

நாட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் 2018-இல் வந்தது. ரூ.100 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட குற்றங்களில் தேடப்பட்டு, திரும்ப மறுப்பவர்களின் சொத்துகளை அதன்கீழ்ப் பறிமுதல் செய்யலாம். கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் நிறுவனர் விஜய் மல்லையா 2019 ஜனவரி 5 அன்று தலைமறைவு பொருளாதாரக் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டார். அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் நபர் அவரே. இந்திய வங்கிகள் தொடர்ந்த வழக்கில் 2021 ஜூலை 26 அன்று லண்டன் உயர் நீதிமன்றமும் அவரைத் திவாலானவராக அறிவித்தது. அவருடைய சொத்துகளிலிருந்து ரூ.14,131.6 கோடி வங்கிகளுக்குத் திருப்பி அளிக்கப்பட்டதாக 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் தெரிவித்தார். நீதிமன்றத் தடையை மீறி 4 கோடி டாலரைத் தம் பிள்ளைகளுக்கு மாற்றியதற்கான அவமதிப்பு வழக்கில், 2022 ஜூலையில் அவருக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தண்டனை 4 மாதச் சிறையும் ரூ.2 ஆயிரம் அபராதமும்.

மஞ்சள் கடுதாசியும் 50 ரூபாயும்

நிறுவனமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. சொந்தக் கடனில் மூழ்கிய மளிகைக் கடைக்காரரோ, மாதச் சம்பளக்காரரோ என்ன செய்வது? தமிழ்நாட்டில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்றும் 'ஐ.பி. போட்டுவிட்டார்' என்றும் பேசப்படுவது இவர்களைப் பற்றியே. இவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் எட்டவில்லை. தனிநபர்களுக்கான பகுதி அதில் எழுதப்பட்டிருந்தாலும், உத்தரவாதம் அளித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது நடைமுறைப்படுத்தப்படவில்லை. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் 1909-ஆம் ஆண்டின் சட்டமும், பிற இடங்களில் 1920-ஆம் ஆண்டின் சட்டமுமே இவர்களை ஆள்கின்றன.

அவற்றைப் புரட்டினால் வேறொரு காலத்துக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். 1920-ஆம் ஆண்டின் சட்டத்தில், மனு தாக்கல் செய்யத் தேவையான கடன் வரம்பு ரூ.500. கடனாளியின் சொத்து மதிப்பு, பிணையில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது இல்லாவிட்டால், அதற்குத் தாம் பொறுப்பல்ல என்று நிரூபிக்கும்வரை அவருக்கு முழு விடுவிப்பு வழங்க முடியாது. சூதாட்டமும் ஊதாரித்தனமும் விடுவிப்பை மறுக்கக் காரணங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. கணக்குப் புத்தகங்களையும் சொத்தையும் மறைப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. விடுவிக்கப்படாத திவாலானவர் நாடாளுமன்ற, சட்டப்பேரவை உறுப்பினராக முடியாது என்று அரசியல் சாசனமும் கூறுகிறது.

புதிய சட்டம், மிகச் சிறிய கடனாளிகளுக்கு 'புதிய தொடக்கம்' என்ற வழியை வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.60 ஆயிரத்துக்குள்ளும், சொத்து ரூ.20 ஆயிரத்துக்குள்ளும், கடன் ரூ.35 ஆயிரத்துக்குள்ளும் இருந்து, சொந்த வீடும் இல்லாதவர் கடனிலிருந்து விடுபட விண்ணப்பிக்கலாம். அறிவிக்கை வெளியானால்தான் அந்தக் கதவு திறக்கும். அதுவரை பழைய சட்டங்களின் தண்டனைப் பிரிவே இவர்களுக்குப் பொருந்தும். தாம் திவாலானவர் என்பதைச் சொல்லாமல் யாரிடமாவது கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை. அதற்கு அந்தச் சட்டங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கடன் தொகை 50 ரூபாய்.